அமைத்த காட்சியும் அதில் நிற்கும் மனிதரும்

புகைப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டுவது என்ற கருத்துப் பரவலாக நிலவுகின்றது. நீதிமன்றத்திலே சான்றாகவும், அடையாள அட்டையிலே ஆளை உறுதிசெய்யும் குறியாகவும், செய்தித்தாளிலே நிகழ்ச்சிக்குச் சாட்சியாகவும் அது ஏற்கப்படுவதற்கு இக்கருத்தே அடிப்படையாகும். இதன் காரணமாக, ஆட்களுக்கு வேடமிட்டு, இடத்தை ஒழுங்குசெய்து, ஒளியை வேண்டியவாறு பாய்ச்சி, நாடகக் காட்சி போல அமைத்து எடுக்கப்படும் புகைப்படங்கள் நெடுங்காலமாக ஐயத்துடனேயே நோக்கப்பட்டு வந்துள்ளன. ஓவியன் கற்பனை செய்யலாம், நாடகாசிரியன் புனையலாம், திரைப்பட நெறியாளன் செயற்கையாக மழை பெய்விக்கலாம். புகைப்படக் கலைஞன் மட்டும் அவ்வாறு செய்தால் அது மோசடி எனப்படுகின்றது.

இவ்வாதம் மேலெழுந்தவாரியானது. கூத்துக் களரியிலே கர்ணனாக ஆடுபவர் பக்கத்துத் தெரு விவசாயி என்பது அவையோருக்குத் தெரியும். அவர் அணிந்திருக்கும் முடியும் புயவணியும் கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய மரம் என்பதும் தெரியும். ஆயினும் கர்ணன் வீழும்போது அவையிலுள்ளோர் கண் கலங்குகின்றனர். புனைவு என அறிந்திருத்தல் உணர்ச்சிக்குத் தடையாவதில்லை. ஆகவே அமைத்தெடுத்த புகைப்படங்களை மதிப்பிடுகையில், அவை அமைக்கப்பட்டனவா இல்லையா என்பது பயன் தரும் வினாவன்று. அமைக்கப்பட்ட காட்சியிலே நிற்கும் மனிதருக்கு அக்கதையில் என்ன பங்கு கிடைக்கின்றது என்பதே கேட்கற்பாலது. இக்கலையின் வரலாற்றிலிருந்து சில படைப்புகளை எடுத்து நோக்கின் இவ்வினாவின் பொருத்தம் புலனாகும்.

புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பிரெஞ்சு அரசு லூயி டகேரின் முறையை ஏற்று அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. அதே காலத்தில் ஹிப்பொலைற் பயார் என்பவரும், கடதாசியிலே நேராகப் படம் பதியும் முறையொன்றைத் தாமாகவே கண்டறிந்திருந்தார். அவருக்கு அத்தகைய அங்கீகாரம் கிட்டவில்லை. 1840ஆம் ஆண்டு அவர் தம்மையே நீரில் மூழ்கி இறந்தவராக அமைத்து ஒரு படம் எடுத்தார். அரையிலே துணி சுற்றி, கண்களை மூடி, சுவரிலே சாய்ந்திருக்கும் உடல். அருகே ஓர் அகன்ற வைக்கோல் தொப்பி. டகேருக்கு வாரி வழங்கிய அரசு பயாருக்கு எதுவும் செய்ய முடியாதெனக் கைவிரித்தமையால் அவர் நீரில் வீழ்ந்து மாண்டார் என்ற கருத்துப்பட ஒரு குறிப்பையும் படத்தின் பின்புறத்தில் எழுதினார். பயார் அதன் பின்னரும் பல்லாண்டுகள் வாழ்ந்து 1887இலேயே காலமானார். படத்திலுள்ள மரணம் பொய். அதிலுள்ள மனக்குறையோ மெய். புகைப்படக்கலை பிறந்து ஓராண்டு கழிந்த அளவிலேயே அமைத்த காட்சி ஒன்று தோன்றியமையும், அது ஏமாற்றுவதற்கன்றி முறையிடுவதற்கே பயன்பட்டமையும் விதந்துரைக்கத்தக்கன. அமைத்தவரும் அமைக்கப்பட்டவரும் ஒருவரே ஆதலால், படத்தில் நிற்பவரின் குரலுக்கும் படத்தின் குரலுக்கும் இடையே இங்கு விலகல் இல்லை.

ஹென்றி பீச் றொபின்சன் என்னும் ஆங்கிலக் கலைஞர் 1858இல் உருவாக்கிய படம் வேறு வகையானது. நோயுற்று மரணத்தை நெருங்கும் ஓர் இளம்பெண் சாய்ந்திருக்கிறாள். அருகே இரு பெண்கள் துயருடன் காத்திருக்கின்றனர். சாளரத்தருகே ஓர் ஆண் முதுகைக் காட்டியவாறு முகில் கவிந்த வானத்தை நோக்கி நிற்கிறார். ஐந்து தனித்தனி நெகற்றிவ்களை இணைத்து றொபின்சன் இதனை ஆக்கினார். நோயாளியாக நடித்தவள் நல்ல உடல்நலமுடைய சிறுமி. இப்படத்தைக் கண்ட பலர் சினந்தனர். மரணப் படுக்கைகளை ஓவியத்திலே வழக்கமாகக் கண்டுவந்த அதே மக்கள், கமெரா அத்தகைய அந்தரங்கத்தினுள் நுழைதல் தகாதென்றனர். இளவரசர் அல்பேட் ஒரு பிரதியை வாங்கினார் என்பதும் வரலாறு.

இப்படத்தின் வன்மையும் மென்மையும் ஒருங்கே கருதத்தக்கன. பெண்ணின் தளர்ச்சி, அருகிருப்போரின் கவலை, வெளியே இருளும் வானம் என யாவும் ஒரே பொருளையே திரும்பத் திரும்ப உரைக்கின்றன. காண்பவர் தாமாகக் கண்டறிவதற்கு ஏதும் எஞ்சவில்லை. நம் மேடை நாடகங்கள் சிலவற்றில், ஏற்கெனவே புலப்பட்டுவிட்ட துயரத்தைப் பின்னணி இசை மீண்டும் சொல்வதை இது நினைவூட்டுகின்றது. ஆயின் முதுகு காட்டி நிற்கும் அந்த ஆண் இவ்விதிக்கு விலக்கு. அவர் தந்தையா காதலரா என்பது சொல்லப்படவில்லை. அவர் அழுகிறாரா, அழ முடியாமல் நிற்கிறாரா என்பதும் தெரியவில்லை. படம் முழுவதிலும் ஆழமான துயரம் அம்முதுகிலேயே தங்கியுள்ளது எனலாம். நகராத ஒற்றைப் படத்திற்குத் திரைப்படத்தைப் போல முன்னும் பின்னும் இல்லை. ஆதலால் அது சொல்லாமல் விடுவதிலிருந்தே கதையைப் பெறுகின்றது.

றொபின்சனுக்குச் சில ஆண்டுகள் பிந்தியவரான ஜூலியா மார்கரெட் கமரன் இலங்கை மாணவருக்கு இருவகையில் முக்கியமானவர். 1815இல் கல்கத்தாவிலே பிறந்த அவர், 1863ஆம் ஆண்டின் இறுதியில் தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமெராவைக் கொண்டு புகைப்படம் எடுக்கத் தொடங்கினார். வைற் தீவிலிருந்த தம் வீட்டின் கோழிக் கூண்டைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடமாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன், இந்நாட்டின் நிருவாக, நீதித்துறை அமைப்பை மாற்றியமைத்த 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களுக்குப் பெயர் தந்த இருவருள் ஒருவர். வரலாற்றுப் பாடத்தின் வழியே ஆணைக்குழு உறுப்பினராக அறிமுகமான அம்மனிதர், மனைவியின் கமெரா முன்னே நீண்ட வெண்தாடியுடன் ஆதர் மன்னன் கதையில் வரும் மந்திரவாதி மேர்லினாக வேடம் தாங்கினார்.

ஆதர் மன்னனாக நின்றவர் யாமவுத் துறைமேடையிலே பொதி சுமந்த வில்லியம் வாடர் என்பவர். கன்னி மரியாளாகப் பலமுறை நின்றவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியர். பிச்சையெடுத்த ஐரிஷ் பெண்ணொருத்தியின் மகளான மேரி றையனும் கமரன் வீட்டில் வளர்ந்து பல வேடங்களில் நின்றார். பின்னாளில் 1904ஆம் ஆண்டு இந்தியத் தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்த ஹென்றி கொற்றன் 1867இல் மணந்தது இம்மேரி றையனையே.

அக்காலத்து விமரிசகர் பலர் கமரனின் படங்களில் தெளிவில்லை என்றும், தகடுகளில் கீறல்களும் விரலடையாளங்களும் உள்ளன என்றும் குறைகூறினர். ஆயின் அவர் படங்களின் உணர்ச்சி இவற்றைக் கடந்து நிலைப்பதற்கு அவற்றின் செய்முறையே ஒரு காரணம் எனலாம். ஈரக் கொலோடியன் தகட்டிலே படம் பதிவதற்குச் சில நிமிடங்கள் வரை செல்லும். அவ்வளவு நேரமும் அசையாது நிற்பவரால் ஏற்ற பாவனையைக் கட்டிக் காக்க முடிவதில்லை. மரியாளின் துயரைப் பாவித்து நிற்கத் தொடங்கிய பணிப்பெண்ணின் முகத்திலே, சிறிது நேரத்தில் அப்பணிப்பெண்ணின் சோர்வே வந்து படிகின்றது. வேடமும் ஆளும் ஒன்றன்மீது ஒன்றாகத் தகட்டிற் பதிகின்றன. கமரனின் சிறந்த படங்களில் உள்ளத்தைத் தொடுவது புராணக் கதையன்று. அக்கதையைத் தாங்கி நிற்கும் மனிதரின் களைப்பே. எஜமானியின் கட்டளையைப் பணிப்பெண் எளிதில் மறுத்திருக்க முடியாதென்பது உண்மை. எனினும் அவளுக்கு ஒரு பாத்திரம் தரப்பட்டது. அவளுடைய பெயரும் எஞ்சியது.

1875இல் கமரன் குடும்பத்தினர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுக்கு இங்கு கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலேயே தோட்டங்கள் நின்றன. ஜூலியா கமரன் இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியிருக்கும் படங்கள் முப்பதுக்கும் குறைவானவை. அவற்றில் கிராமத்தவரும் உழைப்பாளரும் நிற்கின்றனர். ஒளியும் நெருக்கமும் இங்கிலாந்தில் எடுத்தவற்றுக்குக் குறைந்தனவல்ல. ஆயின் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. பொதி சுமந்தவரை அரசனாகவும் பணிப்பெண்ணை மரியாளாகவும் கண்ட அதே கண், இங்குள்ளோரை எவராகவும் காணவில்லை. அவர்களுக்குப் பாத்திரம் இல்லை. பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை. படத்தலைப்புகள் அவர்களை 'இலங்கைப் பெண்' எனவும் 'களுத்துறைக் குடியானவர்' எனவும் வகைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன.

1877இல் களுத்துறையிலே கமரனின் விருந்தினராயிருந்த ஓவியர் மரியான் நோர்த் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். உள்ளூர் மனிதரொருவரின் முதுகின் அழகிலே மயங்கிய கமரன், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம். கமரனுக்கோ அங்கு தோட்டமே இருக்கவில்லை. வேடிக்கையாகச் சொல்லப்பட்ட நிகழ்ச்சியே இது. ஆயின் றொபின்சனின் படத்திலே முதுகு காட்டி நின்றவரை இங்கு ஒப்புநோக்குதல் பொருத்தமாகும். அந்த முதுகுக்குப் பின்னே ஒரு துயரம் இருப்பதாகக் காண்பவர் கருதினர். இந்த முதுகோ முதுகாக மட்டுமே விரும்பப்பட்டது. கலையுணர்வும் கனிவும் மிக்க ஒருவரின் பார்வையையும் குடியேற்ற ஆட்சியின் சமூக உறவுகள் எவ்வாறு வரையறுத்தன என்பதற்கு இது தக்க சான்று.

கலைஞர் தம் காலத்தின் எல்லைக்குள் நின்றே படைக்கிறார் எனக் கூறி இதனை முடித்துவிடலாம். ஆயின் அவ்வெல்லை சில வேளைகளில் உடைவதும் உண்டு. 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படமொன்றுக்குக் கமரன் எழுதிய குறிப்பு கருதற்பாலது. படத்திலுள்ள சிறுமிக்குப் பன்னிரண்டு வயதெனவும், முதியவர் தாமே அவளுடைய தந்தையெனச் சொல்வதாகவும், தமக்கு நூறு வயதெனக் கூறிக்கொள்வதாகவும் அதில் குறித்துள்ளார். கமரன் இதனை நம்பினாரோ இல்லையோ, அம்முதியவரின் கூற்று அக்குறிப்பிலே புகுந்துவிட்டது. எவரும் பாத்திரம் தராத நிலையில், பன்னிரண்டு வயது மகளுக்குத் தந்தையான நூறு வயதுக் கிழவர் என்ற பாத்திரத்தை அவர் தாமே எடுத்துக்கொண்டார். அதை அவர் விளையாட்டாகச் சொன்னாரோ பெருமையாகச் சொன்னாரோ, அப்படம் வெறும் இனவியற் சான்றாக நின்றுவிடாது கதையாவது அக்கூற்றினாலேயே.

படத்தில் நிற்பவர் பாத்திரத்தைத் தாமே எடுத்துக்கொள்ளுதல் ஒரு நூற்றாண்டு கழிந்து அமெரிக்கக் கலைஞர் சின்டி ஷேர்மனிடம் முழுமையான கலைக் கொள்கையாக வடிவம் பெற்றது. 1977 முதல் 1980 வரை அவர் தம்மையே நடிகையாகக் கொண்டு எடுத்த ஏறக்குறைய எழுபது கறுப்பு வெள்ளைப் படங்கள், எங்கோ பார்த்த திரைப்படத்தின் விளம்பரப் படங்கள் போலத் தோன்றும். ஆனால் அத்திரைப்படங்கள் இல்லை. அடுக்களையில் நிற்பவள், நகரத் தெருவிலே திகைப்பவள், படுக்கையில் எதையோ எண்ணுபவள் என ஒவ்வொரு பெண்ணையும் காண்பவர் உடனே இனங்காண்கிறார், கதையையும் ஊகித்துவிடுகிறார். அவ்வாறு எளிதில் ஊகிக்க முடிவதுதான் ஷேர்மன் சுட்டும் குறை. பெண்களைப் பற்றித் திரைப்படம் கற்பித்த சில வார்ப்புகள் காண்பவரின் மனத்தில் ஏற்கெனவே உள்ளன. படங்களுக்குத் தலைப்பில்லை, எண்கள் மட்டுமே உண்டு. 48ஆம் எண்ணுடைய படத்தில், ஆளரவமற்ற சாலையோரத்தில், பெட்டியை அருகே வைத்து ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள். அவளுடைய முதுகு அழகுப் பொருளன்று. அவளுக்கு என்ன நேருமோ என்ற அச்சம் காண்பவர் உள்ளத்திலேயே எழுகின்றது. அவ்வச்சத்தைத் தம்முள் விதைத்தது எது என்று அவரே தம்மைக் கேட்கவேண்டியதாகின்றது.

கனடியக் கலைஞர் ஜெஃப் வோல் 1982இல் ஆக்கிய படமொன்று அமைத்தெடுத்தலின் தேவையை வேறொரு கோணத்திலிருந்து நிறுவுகின்றது. நகரத் தெருவிலே வெள்ளையர் ஒருவர் தம் துணைவியுடன் நடந்து செல்கிறார். அருகே ஆசியர் ஒருவர் செல்கிறார். வெள்ளையர் தம் விரலைக் கண்ணருகே கொண்டுசென்று, அம்மனிதரின் கண்ணமைப்பைக் கேலிசெய்கிறார். வோல் தெருவிலே நேரிற் கண்ட இந்நிகழ்ச்சியைப் பின்னர் நடிகரைக் கொண்டு மீண்டும் அமைத்தார். இத்தகைய அவமதிப்புகள் கணப்பொழுதில் நிகழ்ந்து மறைபவை. செய்தவர் மறுப்பார், உடன்வந்தவர் காணவில்லை என்பார், பட்டவருக்குச் சான்றில்லை. அந்தக் கணத்தை ஆளளவான ஒளிரும் படமாக நிறுத்துகையில், மறுக்க முடியாத ஒன்றாக அது ஆகிவிடுகின்றது. நிகழ்ந்ததைப் பதிவு செய்ய முடியாத இடத்தில், அமைத்த காட்சியே உண்மைக்குத் துணையாகின்றது.

இவ்வகைக் கலையைத் திரைப்பட அளவுக்குப் பெருக்கியவர் 1962இல் பிறந்த அமெரிக்கர் கிறெகறி குறூட்சன். 2003 முதல் 2008 வரை ஆக்கிய தொடருக்காக அவர் தெருக்களை மூடினார். பாரந்தூக்கிகளில் விளக்குகளை உயர்த்தினார். மழையும் பனிமூட்டமும் வரவழைத்தார். திரைப்படப் பிடிப்புக் குழுவைப் போன்றதொரு பெருங்குழுவை ஒற்றைப் படத்துக்காக ஈடுபடுத்தினார். 2001இல் எடுத்த ஒஃபீலியா படத்தில், வெள்ளம் நிறைந்த வரவேற்பறையில் ஒரு பெண் கண் திறந்தவாறு மிதக்கிறாள். சேக்ஸ்பியரின் பாத்திரம் சாதாரணக் குடும்ப வீட்டினுள் வந்து சேர்ந்துள்ளது. மாடிப்படியிலே கழற்றி விடப்பட்ட செருப்புகள், அவள் தானாகவே நீரில் இறங்கினாள் என்பதைச் சொல்லாமற் சொல்கின்றன. இத்தனை ஒளியமைப்புக்கும் நடுவே நெஞ்சிற் பதிவன அச்செருப்புகளே.

குறூட்சனின் படங்கள் எல்லாம் இவ்வளவு வெற்றி பெற்றன எனக் கூறுதல் இயலாது. படுக்கையோரத்தில் அமர்ந்தோ, திறந்த காரருகே நின்றோ வெறித்து நோக்கும் மனிதர் மீண்டும் மீண்டும் வருகின்றனர். தொடரை முழுமையாகக் காண்பவருக்கு மனிதர் மாறினாலும் துயரம் ஒன்றாகவே தோன்றுகின்றது. ஒளி அவர்களைக் காட்டுவதைவிட, தன்னையே காட்டிக்கொள்ளும் தருணங்களும் உள்ளன. மேலும், அவருடைய படங்கள் பல எடுக்கப்பட்ட பிற்ஸ்ஃபீல்ட், ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் மின்மாற்றித் தொழிலால் வளர்ந்து, 1980களில் அத்தொழில் நின்றதால் நலிந்த நகரம். அங்குள்ளோரின் தனிமைக்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. முந்திய படங்கள் அக்காரணத்தை மறைத்து, துயரத்தை மனித இயல்பின் புதிர்போலக் காட்டின. 2018, 2019ஆம் ஆண்டுகளில் அதே நகரில் எடுத்த தொடரிலே வெறுமையான வீதிகளும் கைவிடப்பட்ட தொழிற்சாலை வளவுகளும் காட்சியின் நடுவுக்கு வருகின்றன. மனிதர் உருவிற் சிறுத்துள்ளனர். ஆயினும் அவர்கள் ஏன் அவ்வாறு நிற்கின்றனர் என்பதைக் காண்பவர் உணர முடிகின்றது. அவ்வகையில் இது வளர்ச்சியே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அமைத்தெடுத்த படத்தின் உணர்ச்சி இரு நிபந்தனைகளைச் சார்ந்துள்ளமை புலனாகும். படம் அனைத்தையும் சொல்லிவிடாது, காண்பவருக்கு இடம் விடுதல் ஒன்று. படத்தில் நிற்பவர் அலங்காரப் பொருளாக அன்றி, கதைக்குரிய ஆளாக நிற்றல் மற்றொன்று. முதலாவது கலைநுட்பம் பற்றியது. இரண்டாவது அறம் பற்றியது. ஆயினும் இவை உண்மையில் வேறானவையல்ல. ஆளாகக் கருதப்படாத ஒருவரைப் பற்றி, 'இவர் எதை நினைக்கிறார்?' என்ற வினா காண்பவர் உள்ளத்தில் எழுவதில்லை. அவ்வினா எழாத படத்தில் கதையும் இல்லை.

இவ்வினா இந்நாட்டுக்குத் தொலைவானதன்று. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னர், கூடை சுமந்து புன்னகைக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலைப் பொதிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் நாட்காட்டிகளிலும் இடம்பெற்றது. அதுவும் அமைத்தெடுத்த காட்சியே. அங்கும் ஒளி அழகியது. பச்சை நிறம் அழகியது. தேயிலை மலையைப் பின்னணியாக வைத்து மணமக்களைத் திரைப்பட நாயகர்போல நிறுத்திப் படமெடுக்கும் வழக்கத்திலும், அம்மலையிலே வேலை செய்வோர் பின்னணியின் பகுதியாகவே அமைகின்றனர். அவர்களுடைய புன்னகை எவரால் கேட்கப்பட்டது, எதற்காகத் தரப்பட்டது என்பதைப் படம் சொல்வதில்லை, காண்பவரும் கேட்பதில்லை.

ஜூலியா கமரன் 1879ஆம் ஆண்டு சனவரியிலே காலமாகி, பொகவந்தலாவையிலுள்ள தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையைச் சூழ இருப்பவை தேயிலைத் தோட்டங்கள். இம்மலைகளின் மக்கள் தம் கதைகளைத் தாமே அமைத்து, தம் பெயருடன் கமெராவின் முன்னே நிற்கும் படங்கள் பெருகவேண்டும். அதற்குப் பெருங்குழுவும் பாரந்தூக்கியும் தேவையில்லை என்பதைக் களுத்துறை முதியவர் 1878இலேயே காட்டிச் சென்றுள்ளார். தம்மைப் படமெடுத்தவரிடம் தம் கதையை அவர் சொன்னார், அது எழுதப்பட்டது, அவரைப் பற்றி எஞ்சியிருப்பதும் அதுவே.